செயலாளரின் ஆண்டறிக்கை: ஒன்லைன் கொடுப்பனவுக் கழிவும் சிறு விற்பனையாளரும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின் நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. சந்தா, வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நல்லூர்த் திருவிழாக் கால விற்பனை, பொதியிடல் பயிற்சி பற்றிய விபரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். இவ்வாண்டு அங்கத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட விடயம் ஒன்றுதான். ஒன்லைனில் காசு வாங்கும்போது வெட்டப்படும் கழிவு எங்களைப் போன்ற சிறு விற்பனையாளருக்கு நியாயமானதா என்பதே அது. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

வீதத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பது நிர்வாக சபையின் கருத்து. எந்தத் தொகையின்மேல் வெட்டுகிறார்கள், ஓடர் ரத்தானால் அந்தக் கழிவு திரும்புகிறதா, ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையான ஒரு தொகை சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களை அடிப்பது பெரும்பாலும் இவைதான்.

முதலில், வெட்டப்படும் காசு எங்கே போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கடனட்டையால் செலுத்தினால் கழிவின் பெரும்பங்கு அவருக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகும். விசா, மாஸ்டர்காட் போன்ற அட்டை வலையமைப்புக்கு ஒரு சிறு பங்கு. மிஞ்சுவது எங்களுக்குக் காசை வாங்கித் தரும் வங்கிக்கும், இடையில் நிற்கும் கொடுப்பனவு நிறுவனத்துக்கும். நாங்கள் பேரம் பேசக்கூடியது இந்தக் கடைசிப் பங்கில் மட்டும்தான். வங்கி முகாமையாளரிடம் போய் ‘வீதத்தை அரைவாசியாக்குங்கள்’ என்று கேட்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

இனி ஒரு கணக்கு. ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி சேர்ந்த ஒரு பொதி 1,800 ரூபா. இலாபம் 12 சதவீதம் என்றால் 216 ரூபா. கொழும்புக்குக் கூரியர் 450 ரூபா என்று வைப்போம். வாடிக்கையாளர் அட்டையால் 2,250 ரூபா செலுத்துகிறார். கழிவு 3 சதவீதமாக இருந்தால் 67 ரூபா 50 சதம் வெட்டுப்படும். கணக்குக்கு வருவது 2,182 ரூபா 50 சதம். கூரியர் காசு எங்கள் வருமானமே இல்லை, வாங்கி அப்படியே கொடுப்பது. ஆனாலும் அதன்மேலும் கழிவு. ‘மூன்று வீதம்தானே’ என்று சொல்வது இலாபத்தில் ஏறத்தாழ 31 சதவீதமாகிவிடுகிறது. நகைக்கடைக்காரருக்கும் மாப்பொதி விற்பவருக்கும் வீதம் ஒன்றுதான், இலாபம் ஒன்றல்ல. அந்த 450 ரூபாவைப் பிரித்து, பொருள் கையில் கிடைக்கும்போது வாடிக்கையாளரே கூரியர்காரரிடம் செலுத்தும்படி ஒழுங்கு செய்ய முடிந்தால் 13 ரூபா 50 சதம் மிஞ்சும். எல்லாக் கூரியரும் இதற்கு ஒத்துவரமாட்டார்கள்.

போனால் கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி வங்கிக் கணக்கிலிருந்து காசு செலுத்தும் முறையான லங்கா கியூஆர் பற்றி எங்களுக்கு முறைப்பாடு குறைவு. இதில் வணிகரிடம் வாங்கும் கழிவுக்கு மத்திய வங்கி 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த உச்ச வீதத்தில் பார்த்தாலும் 1,800 ரூபாவுக்கு 18 ரூபா. சில்லறை தேடுவது, கள்ளநோட்டு, வங்கிக்கு அலைவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கைக்காசுக்கும் செலவு உண்டு. 18 ரூபா அதைவிடப் பெரிதல்ல. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவில் போனால் காசு செலுத்தும் முறையான யுபிஐயின் செயலிகளாலும் லங்கா கியூஆருக்குச் செலுத்தலாம். பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் வந்திறங்கும் இந்தியப் பயணிகளுக்கு விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் செயலிக்கு வங்கி வேறு வீதம் வைக்கலாம். பயன்படுத்த முன்னர் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கியூஆரில் பிழை நடப்பது வேறு இடங்களில். தனிப்பட்ட சேமிப்புக் கணக்கின் கியூஆரைக் கடையில் ஒட்டக்கூடாது, வணிகக் கணக்கின் கியூஆரே வேண்டும். ஒட்டிய தாளின்மேல் வேறொருவர் தன் தாளை ஒட்டிவிட்டுப் போவது உலகெங்கும் நடக்கும் களவு, ஆகவே காலையில் கடை திறக்கும்போது உங்கள் போனால் ஒருமுறை ஸ்கேன் பண்ணி, கணக்குப் பெயர் சரியா என்று பாருங்கள். அச்சிட்ட கியூஆரில் தொகையை வாடிக்கையாளரே தட்டச்சுச் செய்கிறார். 1,800 என்பது 180 ஆகிவிடும். வணிகர் செயலியிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரவு தெரிந்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் தளர்ந்து எஸ்எம்எஸ் பிந்தும் என்பதால் செயலியும் கையில் இருக்கட்டும்.

நேரடி வங்கி மாற்றல்தான் பலருக்கு மலிவான வழி. வங்கிகளுக்கிடையிலான உடனடி மாற்றலான செஃப்ட்ஸ் முறையில் காசு உடனே வரும். கட்டணம் அனுப்புபவருக்கு, அதுவும் தொகை பெருத்தாலும் சில பத்து ரூபாதான். ஆனால் வாடிக்கையாளர் மாற்றல்களைத் தொகுதியாகச் சேர்த்து அனுப்பும் ஸ்லிப்ஸ் முறையைத் தெரிவுசெய்தால் காசு உடனே வராது, வார இறுதி என்றால் திங்கள்வரை இழுபடும். அவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ‘வெற்றி’ என்று இருந்தாலும் அது காசு அல்ல. படத்தைத் திருத்துவது இரண்டு நிமிட வேலை. வங்கிச் செயலியில் வரவைப் பார்க்காமல் பார்சலைக் கட்டாதீர்கள்.

ரொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் சனத்துக்கு விற்பவர்களின் நிலை சிக்கலானது. இலங்கைப் பேபால் கணக்கால் காசு அனுப்பலாமே தவிர, வாங்க முடியாமல் இருந்துவந்திருக்கிறது. ஒன்லைனில் அட்டைக் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்குக் கணக்குத் திறப்பதில்லை. இதனால் வெளிநாட்டு உறவினரின் கணக்கில் வாங்குவது வழக்கமாகிவிட்டது. உதாரணமாக, அமெரிக்காவில் ஸ்ட்ரைப்பின் வழமையான கட்டணம் 2.9 சதவீதமும் 30 சதமும். 50 டொலர் ஓடருக்கு 1.75 டொலர், அதாவது 3.5 சதவீதம். 5 டொலர் ஓடருக்கோ 44.5 சதம், கிட்டத்தட்ட 9 சதவீதம். அந்த 30 சதம்தான் சிறு பொதிக்காரரை உறிஞ்சுவது. இந்த வழியில் விற்பவர்கள் ஒரு குறைந்தபட்ச ஓடர் தொகை வைப்பது நல்லது. அத்துடன், பிறர் பெயரில் வியாபாரம் நடப்பதாகத் தெரிந்தால் கணக்கு முடக்கப்படலாம். வரிப் பொறுப்பு உறவினரின் தலையில் விழும். உள்ளூர் கொடுப்பனவு நிறுவனத்தூடாக வெளிநாட்டு அட்டையை ஏற்றால் வீதம் கூடுதலாயினும் காசு உங்கள் கணக்குக்கே வரும். எந்த வழியானாலும் நாணய மாற்று வீதத்தைப் பாருங்கள். கழிவைவிட அதில் இழப்பது கூடுதலாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

ஓடர் ரத்தானால் வாடிக்கையாளருக்கு முழுத்தொகையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பல நிறுவனங்கள் முதலில் வெட்டிய கழிவைத் திருப்பித் தருவதில்லை. மேற்சொன்ன 2,250 ரூபா ஓடரில் ஒன்றும் விற்காமலே 67 ரூபா 50 சதம் போய்விடும். எல்லாக் கழிவுகளிலும் நாங்கள் வெளிப்படையாக அநியாயம் என்று சொல்வது இதைத்தான். சாமான் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுப்பனவு லிங்கை அனுப்புங்கள். ரத்துச் செய்வதானால், கொடுப்பனவு நிறுவனம் அன்றைய கொடுப்பனவுகளைக் கணக்குத் தீர்த்து முடிக்க முன்னரே செய்யுங்கள். அப்போது அது கொடுப்பனவாகவே பதியாததால் பல இடங்களில் கழிவு வெட்டப்படாது.

அட்டைக்காரர் ‘நான் வாங்கவில்லை’ என்று தன் வங்கியில் முறையிட்டால் காசு எங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும், மேலதிகக் கட்டணமும் விழும். ஓடிபி கேட்டு உறுதிசெய்த கொடுப்பனவில் களவு அட்டை என்ற முறைப்பாட்டின் பொறுப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்கு மாறும். ‘பொருள் வரவில்லை’ என்ற முறைப்பாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூரியர் பற்றுச்சீட்டு, கையொப்பம், வட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் ஆறு மாதமாவது வைத்திருங்கள்.

அட்டைக்கு மேலதிகமாக 3 வீதம் வாடிக்கையாளரிடம் வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. கழிவை அட்டைக்காரரின் தலையில் போட வணிகருக்கு அனுமதியில்லை என்று மத்திய வங்கி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. அவர் தன் வங்கியில் முறையிடலாம். விலைக்குள்ளேயே சேருங்கள். கையில் 1,000 ரூபா வரவேண்டுமென்றால் 1,030 போட்டால் போதாது. 1,000ஐ 0.97ஆல் பிரித்தால் 1,030 ரூபா 93 சதம் வரும், அதுதான் விலை.

கொடுப்பனவு நிறுவனங்களின் மாதக் கட்டணத் திட்டங்களுக்கும் இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டணமின்றி 3.5 வீதம் ஒரு திட்டம், மாதம் 3,000 ரூபாவும் 2.8 வீதமும் இன்னொன்று என்றால், மாத அட்டை விற்பனை 428,600 ரூபாவைத் தாண்டினால்தான் இரண்டாவது இலாபம். விளம்பரத்தில் குறைந்த வீதம் பெரிய எழுத்தில் இருப்பதால் பலரும் முதலில் அதையே எடுக்கிறார்கள்.

வேறு நாடுகளைப் பார்த்தால், இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வணிகர் கழிவு இல்லை. அதை ஈடுசெய்ய வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது; செலவு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரிலிருந்து அட்டை கொடுத்த வங்கியின் பங்கை பற்று அட்டைக்கு 0.2 வீதம், கடனட்டைக்கு 0.3 வீதம் என்று கட்டிவைத்திருக்கிறது. எங்கள் நிலைக்குப் பொருந்துவது இரண்டாவது வழி என்பது சபையின் எண்ணம்.

சிறுதொகைக் கொடுப்பனவுக்கு அட்டைக் கழிவில் உச்சவரம்பும், ரத்தான ஓடருக்குக் கழிவு மீளளிப்பும் கோரி மத்திய வங்கிக்குக் கடிதம் எழுத நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. இக்கூட்டத்தின் அங்கீகாரத்தை வேண்டுகிறோம். கடிதத்தோடு இணைக்க அங்கத்தவர்கள் தங்கள் கொடுப்பனவு அறிக்கையின் பிரதிகளைத் தரவேண்டும். வாடிக்கையாளர் பெயரையும் அட்டை இலக்கத்தையும் கறுப்பு மையால் மறைத்து, விற்பனைத் தொகை, வெட்டிய தொகை, கணக்குக்கு வந்த திகதி மூன்றும் தெரியும்படி அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்துக்கு முன் ஒப்படைக்கவும்.

செயலாளர்