பயந்த பிள்ளைகளுக்கு ஒருநாள் முகாம் போதாது

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினருக்கும் வணக்கம்.

தூத்தூர் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறேன். ஆனி, ஆடியில் கடல் சீறத் தொடங்கினால் இங்கே சில பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது. ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த மாதங்களில் மட்டும் பாயை நனைக்கிறான். இதற்குத் தாய்மார்கள் சொல்லும் சொல் ‘பேடி’; எங்கள் பேச்சில் அதற்குப் பயம் என்று பொருள். சிலுவை நட்ட சிறு கோயிலான குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கயிறு ஓதிக் கட்டுவார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். இரவெல்லாம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தடவுவதும் அதில் அடக்கம்.

2017 ஒக்கி புயலில் போன தகப்பன்மாரில் பலருடைய உடல்கள் திரும்பவில்லை. உடல் வராத வீட்டில் துக்கத்துக்கு முடிவு ஏது? புயலுக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் தாயின் முகத்தைப் பார்த்தே காற்றுக்கு அஞ்சப் பழகிவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பினர் வந்து மூன்று மணிநேர முகாம் நடத்தினார்கள். முதலில் ஆளுக்கு நான்கு சொட்டு மலர் மருந்து, மனக்கலக்கம் தீரும் என்று சொல்லிப் பூக்களிலிருந்து எடுப்பது. மருந்து எதுவும் கலக்காத வெற்றுச் சொட்டைவிட அது கூடுதலாக எதுவும் செய்வதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்துபோன சங்கதி. பிறகு, புயலன்று நடந்ததை வரையச் சொன்னார்கள். ஒரு சிறுமி ஆளில்லாத படகு ஒன்றை வரைந்தாள். அதைக் கையில் பிடிக்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். அவள் அழத் தொடங்கியபோது வேன் புறப்படும் நேரமாகிவிட்டது. அன்று இரவு அவளோடு விழித்திருந்தவர் அவளுடைய பாட்டி.

வரைவதில் குற்றமில்லை, வரைய வைத்துவிட்டுப் போய்விடுவதுதான் குற்றம். பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. மனக்காயம் ஆறாத பிள்ளைகளுக்கு அது பரிந்துரைத்தவற்றில் ஒன்று, பயமூட்டும் நினைவையும் எண்ணத்தையும் பேசிப் பழகி மெல்ல எதிர்கொள்ள வைக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பல வாரங்கள் வேண்டும். ஓவியம், பாட்டு, மூச்சுப் பயிற்சி எல்லாம் அதற்குத் துணையாக நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

துணைக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் மாவட்டத்தில் களியல் என்னும் கோலாட்டம் இருக்கிறது. வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவனின் கோலோடு தன் கோலைத் தட்டி, தாளம் பிசகாமல் ஆடும்போது அந்தச் சிறுவன் கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாரம் ஒரு மணிநேரம், அதே ஆசான், அதே திண்ணை. உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசான்களுக்கும் இங்கே பஞ்சமில்லை; என் மூட்டுவலிக்கு அவர்களிடம்தான் போகிறேன். ஆனால் பயந்த பிள்ளையைத் தொட்டுச் செய்யும் எந்த முறையானாலும், பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பயம் தணியாத பிள்ளைகளை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். மீன் விற்கும் தாய்க்கு அது ஒருநாள் கூலி, மேலே பஸ் செலவு. எனவே மாதம் இருமுறை மனநல ஆலோசகர் ஒருவரைக் கடற்கரைக்கு அனுப்புங்கள். வருகிறவர் ஓராண்டாவது மாறாமல் இருக்கட்டும். முகாம் நடத்த அனுமதி கேட்பவர்களிடம், அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேளுங்கள். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுப்பதற்குத் தடை போடுங்கள். பள்ளிச் சுவர்களில் மனநல உதவிக்கான 14416, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய தொலைபேசி எண்களைப் பெரிதாக எழுத வையுங்கள்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் திண்ணை காலியாகத்தான் கிடக்கிறது. ஆனி பிறப்பதற்குள் ஆள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
படிப்பக ஆசிரியர் ஒருவர்