குழம்பு மஞ்சள் வேறு, குப்பி மஞ்சள் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மஞ்சள் கேப்சூல் பற்றி, "நம் அடுப்பங்கரைப் பொருள்தானே, யாரும் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று போட்டிருந்தீர்கள். அந்த வரி எனக்கு ஆறவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றி ஒன்பது வருடமாகிறது. ரத்தம் கட்டாமலிருக்க தினமும் வார்ஃபரின். மாதா மாதம் வாலிநோக்கத்திலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கைப் பார்த்து வருகிறோம். மூட்டுவலிக்கு நல்லதென்று யாரோ சொல்ல, மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூலை என்னிடம்கூடச் சொல்லாமல் மூன்று வாரம் போட்டிருக்கிறார். ஒருநாள் காலையில் பல் விளக்கித் துப்பினார், அத்தனையும் சிவப்பு. மூன்றை ஒட்டி நிற்கவேண்டிய கணக்கு அன்றைக்கு 6.4. "புதுசா என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்து குப்பியைத் திருப்பிப் பார்த்தால், கடுகளவு ஆங்கில எழுத்தில் "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்", அதாவது மருந்தாகப் பயன்படுத்த அல்ல. ஏழாவது வரை தமிழில் படித்த மனுஷர் அதை எங்கே வாசிப்பார்?

குழம்பில் போடும் மஞ்சள் ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. சேரவைக்கத்தான் மிளகுச் சத்தைக் கூட்டுகிறார்கள். அது மற்ற மாத்திரைகளின் அளவையும் உடம்புக்குள் மாற்றிவிடக்கூடும். தாங்கள் அறியாததா?

அந்த வார்ஃபரினுக்கும் மூலம் செடிதான். கெட்டுப்போன தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்துதான் அமெரிக்காவில் கார்ல் லிங்க் குழுவினர் 1940 வாக்கில் மூலப்பொருளைக் கண்டார்கள். அதன் வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலிமருந்து. மனிதருக்கு 1954-இல்தான் அனுமதி. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் எங்கள் பக்கத்து நிலாவரைச் செடியும் அப்படித்தான். அம்மா கைப்பிடிக் கணக்கில் கஷாயம் வைப்பார், பிடி பெரிதானால் இரவெல்லாம் வயிற்றைப் பிசையும். இப்போது அதன் சத்தான சென்னோசைடு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து வருகிறது. தாவரச் சாற்றைச் சோதித்து மருந்தாக்க 2015-லேயே நம் மருந்து விதிகளில் தனி வழி வகுத்தாயிற்று. அந்த வழியில் வராத கேப்சூலை ஏன் மருந்துபோல எழுதுகிறீர்கள்?

எங்கள் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசி பற்றி எழுதியபோதும் "சர்க்கரையை விரட்டும்" என்றே தலைப்புக் கொடுத்தீர்கள். அவர்கள் கை வெடிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுப்பக்க கேப்சூல் விளம்பரம் குறித்துப் போன வருடம் எழுதினேன். வரவில்லை. பதினெட்டு வருடச் சந்தாதாரர் நாங்கள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம்" என்று தமிழில் ஒரு வரி போடுங்கள்.

தங்கள் வாசகி,
வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம்