பேத்தி பெயரில் ஒரு கணக்கு

திருமங்கலம்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். செவ்வாய்க்கிழமை காலை உன் அப்பா குடையும் மஞ்சள் பையுமாக வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். பையிலிருந்து உன் மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கையும், ரப்பர் பேண்டு போட்ட ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றையும் எடுத்து வைத்து, "தம்பி, பேத்திக்குச் செல்வமகள் கணக்கு போடணும், தபாலாபீஸுக்கு நீயும் வாப்பா" என்றார்.

2024 தொடக்கத்திலிருந்து அந்த அரசுச் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 8.2 விழுக்காடு என்பதால் அவருடைய ஆசை நியாயமானதே. ஆனால் அது பத்து வயதுக்குட்பட்ட, இந்தியாவிலேயே வசிக்கும் பெண் குழந்தைகளுக்கு மட்டுமானது. துபாயில் வளரும் உன் மகளுக்கு இடமில்லை. அவள் இங்கேயே இருந்திருந்தாலும் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும், தாத்தா தொடங்க முடியாது. இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் சம்பாத்தியத்திலிருந்து அவளுக்குச் சேர்க்க நினைத்தால், நீ காப்பாளராக இருந்து அவள் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்போர் அங்கு சம்பாதித்த பணத்தை இங்கே ரூபாயில் சேர்க்கும் கணக்கு தொடங்கலாம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஆயினும் முதலில் அவள் எங்கே படிக்கப்போகிறாள் என்பதை நீயும் தங்கச்சியும் பேசி முடிவு செய்யுங்கள். மதுரையிலோ கோவையிலோ என்றால் ரூபாய் வைப்பே போதும். வெளிநாட்டுக் கல்லூரி என்றால், 1997 முதல் அமீரக நாணயமான திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருப்பதால், எப்.சி.என்.ஆர். எனப்படும் டாலர் வைப்பில் ரூபாய் சரிவு உன்னைத் தொடாது. எதுவானாலும் ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி கிடையாது.

ஊரில் பழைய கணக்கு ஏதேனும் அப்படியே கிடக்கிறதா என்றும் பார். நான் மஸ்கட்டில் இருந்த ஆறு ஆண்டுகளும் என் மகனின் உள்நாட்டுக் கணக்கிலேயே பணம் போட்டுவந்தேன். பிறகு அதை, வெளிநாட்டில் வசிப்போர் தங்கள் உள்நாட்டுப் பணத்தை வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற, விடுப்பில் வந்த பதினைந்து நாளில் நான்கு நாள் வங்கி வாசலிலேயே கழிந்தது. சோம்பல் என்னுடையது, வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்பாவின் பணத்தை என்.ஆர்.இ.யில் போட முடியாது, என்.ஆர்.ஓ.வில் போட்டால் வட்டியில் முப்பது விழுக்காட்டுக்கும் மேல் வரி பிடிப்பார்கள். ஆகவே அவர் பெயரிலேயே வைப்பு வைத்து, பேத்தியை நாமினியாகக் குறிக்கலாம் என்று சொன்னேன். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டியும் கிடைக்கும். நாமினி மைனர் என்பதால் அவள் சார்பில் பணம் பெற வயது வந்த ஒருவரின் பெயர் வேண்டும்; உன் அக்கா பெயரைச் சொல்கிறார். நாமினி ஆக்கினால் மட்டும் பணம் அவளுக்கு உரிமையாகிவிடாது, உயிலும் வேண்டும். அந்தப் பேச்சை நீதான் எடுக்க வேண்டும், என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை அவரை வங்கிக்கு அழைத்துச் செல்கிறேன். அதற்கு முன் நீ ஒரு முறை போனில் பேசிவிடு. பணக்கட்டை எடுத்துக்கொண்டு போனவர், படங்கள் நான்கையும் திண்ணையிலேயே மறந்துவிட்டார், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்