நண்டோட்டுத் தூளைக் காலில் போடாதீர்கள்

ட்ரொண்ட்ஹைம், நோர்வே
18.01.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நல்ல சுகம். நேற்று வட்ஸ்அப்பில் கதைக்கும்போது லைன் விட்டு விட்டு வந்தது. அதற்குள் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுவன்" என்று சொல்லி நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி, இதை நீ முழுக்க வாசித்துக் காட்டு. பாதியில் பந்தடிக்க ஓடிவிடாதே.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா, காயவைத்து இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறீர்களே நண்டோட்டுத் தூள், அதை அப்பாவின் காலில் போடவே வேண்டாம். ஒரு சிட்டிகைகூட.

பிழை என்னுடையதுதான். நண்டு, இறால் ஓட்டிலிருந்து புண்ணுக்கு வைக்கிற மென்தகடு செய்கிறோம் என்று நத்தாருக்குப் போன் எடுத்தபோது பெருமையடித்தது நான். மூன்று மாதமாக ஆறாத காலோடு அப்பா விறாந்தையில் இருக்கிறார். நீங்கள் காலை முதல் மாலை வரை நின்றபடி நண்டு உடைத்துச் சதை எடுத்து, ஓட்டை வாளி வாளியாக எறிகிறீர்கள். அந்த ஓடுதான் மருந்து என்று மகளே சொன்னால் வேறென்ன தோன்றும்? உரல்தானே தோன்றும்.

சரி, உரலில் இடித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். நண்டோட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி சுண்ணாம்பு. அப்புறம் புரதம். எங்களுக்கு வேண்டிய கைற்றின் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிய காரியம். கைற்றின் என்பது நார் மாதிரி ஒன்று. மரத்துக்கு அதன் நார் எப்படியோ, நண்டுக்கும் இறாலுக்கும் வண்டுக்கும் அது அப்படி. காளானிலும் இருக்கிறது. முதன்முதலில், 1811இல், ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடித்ததே காளானில்தான்.

நம்பாவிட்டால் ஒரு கரண்டித் தூளைக் கோப்பையில் போட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள். சோடா மாதிரிப் பொங்கும். பொங்குவது சுண்ணாம்பு. பொங்கி முடிந்த பிறகும் அடியில் தவிடு போல ஒன்று கரையாமல் கிடக்கும். அது புரதமும் கைற்றினும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. தம்பிக்கு நண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்து வருவதற்குக் காரணமும் நண்டின் புரதம்தான். அதையா திறந்த புண்ணில் தூவப் போகிறீர்கள்? உரலில், வெயிலில், ஈயில் ஒட்டிய கிருமிகளைப் பற்றி நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

இங்கே எங்களுக்கு வருவது இறால் ஓடு. வடகடல் இறால், அவிக்க முன்னமே சிவப்பாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ அவித்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஓட்டை மெல்லிய அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை எடுப்போம். பிறகு எரிசோடாக் கரைசலில் சூடாக்கிப் புரதத்தைக் கழற்றுவோம். மிஞ்சுவது வெள்ளையான கைற்றின். அதுவும் ஒன்றிலும் கரையாத பிடிவாதம் பிடித்த சாமான். அதை மறுபடியும் மிகக் கடுமையான எரிசோடாவில், நூற்றுக்கு நாற்பது ஐம்பது பங்கு எரிசோடா உள்ள கரைசலில், கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் கைற்றோசான் ஆகும். வினாகிரி அமிலத்தில் கரைகிறதா என்று பார்ப்போம். கரைந்தால் கைற்றோசான். கரையாவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்கிற எண்ணம் வந்தால், எரிசோடா கண்ணில் தெறித்தால் கண் போய்விடும், அவ்வளவுதான் சொல்வேன்.

இத்தனை பாடும் ஏன் என்றால், அமிலத்தில் கரைந்த கைற்றோசானுக்கு நேர் மின்னேற்றம் வரும். இரத்தத்தின் சிவப்பணுக்களின் மேற்புறம் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு இரத்தப் பெருக்கை அடைக்கும். போர்க்களத்தில் காயப்பட்ட சிப்பாய்களுக்கு வைக்கிற கைற்றோசான் பன்டேஜ்களை அமெரிக்கப் படை இருபது வருடங்களுக்கு மேலாகப் பாவிக்கிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. 2009இல் எங்களுக்குச் சீலை கிழித்துக் கட்டத்தான் தெரிந்திருந்தது.

நான் செய்வது அந்தப் பன்டேஜ் இல்லை. கைற்றோசானோடு கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேற்றைச் சேர்த்து, ஈரம் காயாமல் புண்ணை மூடி வைக்கிற ஒரு தகடு. அல்ஜினேற் என்றால் பெயர்தான் புதிது. போன வருடம் பல்லுக்கட்ட அச்செடுத்தபோது உங்கள் வாய்க்குள் ரோஸ் நிறத்தில் ஒரு களியை வைத்து, இரண்டு நிமிடத்தில் அது ரப்பர் மாதிரி இறுகியது என்றீர்களே அம்மா, அதுதான். கல்சியம் பட்டதும் இறுகும். நோர்வேயின் மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்கு வளர்கிற பழுப்புப் பாசியைக் கப்பலால் வாரி எடுத்து இதைச் செய்கிறார்கள். ஒரு இடத்தில் வாரினால் மறுபடி ஐந்து வருடம் கழித்துத்தான் அங்கே வாரலாம். இந்த ட்ரொண்ட்ஹைமில் 1960களிலேயே ஹாவ்க், ஸ்மிட்ஸ்ரோட் என்று இருவர் அதன் மூலக்கூறு எப்படி அடுக்கியிருக்கிறது என்று நுணுக்கி நுணுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, நான் எட்டு மாதம் வீணாக்கிய கதை. இதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

என்னுடைய தகடு பார்க்க அவ்வளவு வடிவாக வந்தது. வெங்காயத்தின் உட்தோல் மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். அதன்மேல் தோல் கலங்களை வளரவிட்டு 37 பாகைச் சூட்டில் வைப்போம், எங்கள் உடம்புச் சூடு. மறுநாள் பார்த்தால் எல்லாம் சுருண்டு செத்துக் கிடக்கும். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. கலம் பழுது என்று நினைத்தேன், பாசி பழுது என்று நினைத்தேன், பழுதில்லாதது நான் மட்டும்தான் என்று நினைத்தேன். மேற்பார்வை செய்கிற பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், இந்த நாட்டு வழக்கம் அது. எனக்கு இன்னும் நா எழவில்லை. சேர் என்றும் சொல்ல முடியாமல் பெயரும் சொல்லாமல், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கதைக்கத் தொடங்குவேன். அப்படி இருக்க, செத்ததை அவரிடம் போய்ச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

கடைசியில் கண்டுபிடித்தது ஆய்வுகூடமும் இல்லை, பேராசிரியரும் இல்லை. இங்கே ஒரு அன்ரி இருக்கிறா, 80களின் கடைசியில் வந்து வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் மீன் வெட்டியவ. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தா. கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஊறுகாய்க் கடையிலயா வேலை?" என்றா. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. நாள் முழுக்க வினாகிரி அமிலத்துக்குள் நின்று மூக்குப் பழகிவிட்டது. கோட்டில் அவ்வளவு மணம் என்றால் தகட்டுக்குள் எவ்வளவு இருக்கும்? அந்தப் புளிப்பில்தான் கலங்கள் செத்திருக்கின்றன. அன்று சோறு இறங்கவில்லை. அன்ரி தன் சமையல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டா, பாவம்.

இப்போது தகட்டை மெல்லிய எரிசோடாவில் தோய்த்து, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, புளிப்பு முற்றாகப் போனதை அளந்து பார்த்துத்தான் கலத்தைப் போடுகிறேன். கார்த்திகையிலிருந்து அவை உயிரோடு இருக்கின்றன. நத்தாருக்கு நான் அவ்வளவு துள்ளியது அதற்குத்தான். ஆனால் கண்ணாடித் தட்டில் கலம் சாகாமல் இருப்பது ஒன்று, ஒரு மனுசனின் கால் ஆறுவது இன்னொன்று. இடையில் விலங்குகளில் பரிசோதனை, பிறகு ஆட்களில், பிறகு அனுமதி. வருடக்கணக்கு. என் படிப்பு முடிந்த பிறகும் போகும்.

அப்பா, "உன்ர பன்டேஜ் எப்ப வரும்" என்று கேட்டீர்களாம். வந்தாலும் உங்கள் காலை அது மட்டும் ஆற்றாது. சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகும், இரத்த ஓட்டமும் குறையும். அதனால்தான் சங்குத் துண்டு குத்தினதே உங்களுக்கு இரவு வரை தெரியவில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஊன்றி நடந்தால் எந்தத் தகடு வைத்தும் பிரயோசனமில்லை. சீனி கட்டுக்குள் இருக்கவேண்டும், காலில் பாரம் ஏறக்கூடாது, மருந்து கட்டுகிற நாளில் கட்டவேண்டும். கிளினிக் திகதி இரண்டைத் தவறவிட்டீர்கள் என்று தம்பி சொல்லிவிட்டான், அவனை ஏசவேண்டாம். இறங்குதுறைக்கு வெறுங்காலோடு போவதும் எனக்குத் தெரியும். "வயசு போட்டுது, இனி என்ன" என்ற கதையும் வேண்டாம். லித்தியம் பற்றரிக்காக 2019இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் குடினஃப் என்பவருக்கு அப்போது 97 வயது. உங்களுக்கு இன்னும் எழுபதே ஆகவில்லை.

பற்றரி என்றதும் நினைவு வருகிறது. எனக்குப் பக்கத்து மேசையில் ஈரான் பெட்டை ஒருத்தி சோடியம் பற்றரி செய்கிறாள். லித்தியம் சில நாடுகளில்தான் அதிகம், சோடியம் உப்பில் இருக்கிறது. ஆனையிறவு உப்பளத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னேன், வரைபடத்தில் தேடிப் பார்த்தாள். சிக்கல் என்னவென்றால், லித்தியம் பற்றரிக்குள் இருக்கிற பென்சில் கரியின் அடுக்குகளுக்குள் சோடியம் சரியாகப் போய் உட்காராது. அதற்கு ஒழுங்கில்லாமல் அடுக்கிய ஒரு வன்கரி வேண்டும். தேங்காய்ச் சிரட்டை மாதிரியானவற்றைக் காற்றுப் படாமல் ஆயிரம் பாகைக்கு மேல் சூடாக்கி அதை எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ஊமலை, அதுதான் காய்ந்த பனங்கொட்டைக் கோதை, எரித்து எடுக்கிற ஊமற்கரி என்று ஒன்று இருக்கிறது, அம்மம்மா அதில்தான் பல் விளக்குவா என்றேன். பல் விளக்குவதை விட்டுவிட்டாள், ஊமலைப் பிடித்துக்கொண்டாள். எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். தம்பி, நன்றாகக் காய்ந்த நாலு ஊமல் எடுத்துக் கழுவி வை. சித்தப்பாவின் மகன் பங்குனியில் வரும்போது கொடுத்துவிடலாம். எரித்துக் கரியாக்கி அனுப்பாதே, விமான நிலையத்தில் அவனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று அப்பா. அப்பப்பா காரைநகரிலிருந்து எடுத்த பைபர் வள்ளத்தைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, "சீநோர்க்காரன் கட்டின வள்ளம்" என்று. 1956இல் நோர்வேக்கு வந்த எங்கள் குருநகர் அந்தனி இராஜேந்திரம் தொடங்கி வைத்த சிலோன்-நோர்வேத் திட்டம் அது. காரைநகரில் வள்ளம், குருநகரில் வலை. இதை இங்கே ஒரு வயதான நோர்வேக்காரருக்குச் சொன்னேன். அவர் சின்னவயதில் அதற்குக் காசு சேர்த்துக் கொடுத்தவராம்! கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்தால் மரத்தைவிடப் பாரம் குறைவாக, புழு அரிக்காமல் ஒரு வள்ளம். நான் படிப்பதும் அந்த வகைதான், இரண்டு சாமானைச் சேர்த்து மூன்றாவது குணம் ஒன்றை வரவைப்பது. "என்னதான் படிக்கிறாய்" என்று நீங்கள் கேட்கிறபோதெல்லாம் நான் விழுங்கினேன். இதையே சொல்லியிருக்கலாம்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள் அம்மா. குளிருக்கு உடுப்பு இருக்கிறது, இருட்டுக்குத்தான் ஒன்றும் இல்லை. மார்கழியில் சூரியன் காலை பத்து மணிக்கு வந்து பின்னேரம் இரண்டரைக்குப் போய்விடும், அதுவும் முருங்கை உயரத்துக்குத்தான் ஏறும். வெயில் இல்லாததால் இங்கே பலரும் தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிக்கிறார்கள், நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். மதியச் சாப்பாடு பதினொரு மணிக்கு, இரண்டு பாண் துண்டு, நடுவில் ஒரு சீஸ். இங்கே ஆராய்ச்சி மாணவருக்கும் உத்தியோகத்தர் மாதிரிச் சம்பளம் தருகிறார்கள். அதனால் பண விசயத்தில் யோசிக்கவேண்டாம், இந்த மாதம் அனுப்புவதில் அப்பாவுக்கு அடி மெத்தையான செருப்பு ஒன்று வாங்குங்கள். கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள், சந்தையில் அல்ல.

போன கிழமை ஒடியற்கூழ் காய்ச்சினேன், அன்ரி ஒடியல் மா தந்தா. நண்டு கிடைக்கவில்லை, இறாலும் கொட் மீனும் போட்டேன். பலாக்கொட்டை இல்லை, பயற்றங்காய் இல்லை. ஆனாலும் குடித்தேன். ஈரான்காரியும் குடித்தாள், உறைப்பில் அழுது அழுது குடித்தாள்.

அந்தப் போத்தலை எறிந்துவிடாதீர்கள் அம்மா, இடித்த கை நோ உங்களுக்குத்தானே தெரியும். கத்தரிக்கும் முருங்கைக்கும் அடியில் கொத்திப் போடுங்கள், சுண்ணாம்பும் நைதரசனும் மண்ணுக்கு நல்லது. போட்ட பிறகு வெறும் போத்தலைத் தம்பி படம் எடுத்து அனுப்பட்டும். கூடவே அப்பாவின் காலையும், கட்டுப் பிரிக்கிற அன்று, வெளிச்சத்தில் வைத்து.

அன்பு மகள்