ஸ்ரீராமபுரம் ஸ்கூல் முற்றத்துல சாம்பல் கல்லு பதிக்க உதவின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல நம்ம பசங்க படிக்கிற அந்த சின்ன ஸ்கூல் முற்றம் ஃபுல்லா பேவர் பிளாக் பதிச்சு முடிச்சாச்சு. பிளாக் எல்லாமே பீன்யா ஷெட்ல நாங்களே போட்டது, அதுல ஒரு பிடி சிமெண்ட் கூட கிடையாது. யார் யார் கூட நின்னாங்கன்னு ஊருக்கே தெரியணும், அதான் எழுதறேன்.

முதல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம். சாம்பல்ல கல்லான்னு கேட்டு எத்தனையோ பேர் வாசல்லயே அனுப்பிட்டாங்க, மேடம் மட்டும்தான் உக்கார வச்சு காபி குடுத்து முழுசா கேட்டாங்க. சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல்ல 1450 டிகிரி வரைக்கும் சுடணும், நிலக்கரி எரியற புகை தனி, அந்த கல்லுக்குள்ள இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், ஒரு டன் கிளிங்கருக்கு (சுட்டு வர்ற கட்டி, அத அரைச்சாதான் சிமெண்ட்) கல்லுல இருந்து வர்றது மட்டுமே அரை டன்னுக்கு மேல, அதனால ஃபேக்டரி முழுக்க சோலார் போட்டாலும் அந்த பங்கு அப்படியே நிக்கும்னு சொன்னேன். "அப்போ சுண்ணாம்புக்கல்லே இல்லாம பண்ண முடியுமான்னு பாக்கறீங்க, அதானே தம்பி"ன்னாங்க. அதேதான் மேடம்.

ராய்ச்சூர் தெர்மல் பிளாண்ட் ஃப்ளை ஆஷையும் (நிலக்கரி எரிச்சு வர்ற மெல்லிய சாம்பல்) பல்லாரி பக்கத்து இரும்பு ஆலை கசடை அரைச்ச பொடியையும் லாரில கொண்டு வந்த டிரைவர் அண்ணன்களுக்கு பெரிய நன்றி, மூட்டை ஒண்ணு கூட நனையாம தார்ப்பாய் கட்டி கொண்டு வந்தாங்க. இந்த ரெண்டையும் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட் கரைசல்ல கலந்தா உள்ள இருக்கற சிலிக்காவும் அலுமினாவும் கரைஞ்சு மறுபடி பின்னிக்கிட்டு கல்லாயிடும். வெறும் சாம்பல்னா 60 டிகிரி பக்கம் சூடு காட்டணும், கசடு பொடி சேர்ந்தா சும்மா வச்சாலே இறுகிடும், வெயில் நாள்ல மிக்சருக்குள்ளயே இறுகற அளவுக்கு வேகமா.

அங்கதான் மேஸ்திரி அண்ணன். கேஜிஎஃப்ல இருந்து, அதான் கோலார் தங்க வயல், மாரிக்குப்பம் ட்ரெய்ன்ல தினமும் வர்றவரு, வெயில் ஏறறதுக்குள்ள கலக்கணும்னு முதல் ட்ரெய்னுக்கு மாறிட்டாரு. கிளவுஸோட ஒரு உருண்டை பிடிப்பாரு, விரல் பதிஞ்ச தடம் உதிராம நின்னாதான் மோல்டுக்கு போகும், இல்லன்னா எவ்வளவு அவசரம்னாலும் விடமாட்டாரு. காஸ்டிக்க தண்ணில கரைச்சா கொதிக்கற மாதிரி சூடாகும், அதனால முந்தின நாளே கரைச்சு ஆற வைக்கணும், கண்ணாடி போடாம கிட்ட வந்தா முதலாளினு கூட பாக்காம துரத்துவாரு. அவங்கப்பா 2001ல தங்கச் சுரங்கம் மூடற வரைக்கும் அங்க வேலை பாத்தவர். "தங்கம் பிரிச்சு மிஞ்சின சைனைடு மேட்டு மண்ணு காத்துல வந்து சோத்துல விழற ஊர்ல வளர்ந்தவன், கொட்டி வச்சத யாராவது எடுத்து யூஸ் பண்ணா நல்லதுதானே"ன்னாரு. அண்ணே, நீங்க இல்லன்னா இந்த முற்றம் இல்ல.

லேப் சார், உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. காலேஜ் டைம் முடிஞ்சும் பலம் பாக்க நாங்க போட்ட கியூப் ஒவ்வொண்ணையும் நீங்களே நசுக்கி பாத்தீங்க, சாந்து கியூபுக்கு எண்ணூர் மணல்தான்னு கறாரா இருந்தீங்க (நாடு முழுக்க சிமெண்ட் டெஸ்டுக்கு ஸ்டாண்டர்ட் நம்ம எண்ணூர் மணல்தான், எனக்கு அதுல தனி பெருமை). மேல வெள்ளையா உப்பு பூத்தப்போ கரைசல கம்மி பண்ண சொன்னதும் நீங்கதான். அதுல இன்னொரு நல்லதும் இருக்கு, காஸ்டிக்கும் சிலிகேட்டும் தயாரிக்கவும் கார்பன் செலவுதான், அதனால எங்க கல்ல கார்பனே இல்லாததுன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன், குறைவுன்னுதான் சொல்வேன்.

ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அக்காவுக்கும் நன்றி. சாம்பல் கிடைக்காத ஊர்ல என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு ராத்திரி போன்லயே எல்சி3ங்கற கிளிங்கர் குறைஞ்ச சிமெண்ட் பத்தி பாடம் எடுத்தாங்க, பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல் பொடி, மீதி ஜிப்சம். களிமண்ண 800 டிகிரி பக்கம் சுட்டா போதும், சுண்ணாம்புக்கல்ல சுடாமலே பொடியா சேர்க்கறாங்க, 2023ல ஐஎஸ் 18189னு ஸ்டாண்டர்டும் வந்தாச்சு. வீடு கட்ட போறவங்க இத கேட்டு பாருங்க ப்ளீஸ்.

ஷெட் பக்கத்து வீட்டு அக்கா, மிக்சர் சத்தத்த பொறுத்துக்கிட்டதுக்கும் மோர் குடுத்ததுக்கும் நன்றிக்கா.

மழை விட்டதும் ஸ்கூல் பின்பக்க நடைபாதை போடறோம், மேஸ்திரி அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டாரு. கலவை அளவு வேணும்னா யார் வேணா கேளுங்க, எழுதி தர்றேன்.