புரட்டாசிக்குள் மேல்தளம்: கடலோர மருத்துவமனைக் கட்டடக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கமும் ஸலாமும்.

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களுக்காக நாம் எழுப்பிவரும் 30 படுக்கை மருத்துவமனையின் தரைத்தளம் முடிந்து, மாடித் தூண்களும் எழும்பி நிற்கின்றன. மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடப் பணம் இல்லாமல் ஆடி மாதம் முழுவதும் வேலை நின்றுபோனது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அதாவது அக்டோபர் 10ஆம் தேதிக்குள், தளம் போட்டாக வேண்டும். தவறினால் தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் தை மாதம் வரை மழையிலும் உப்புக்காற்றிலும் நிற்கும். நம் கரையில் இரும்பு என்ன கதியாகும் என்பதை அவரவர் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும்.

நம் ராமநாதபுரம் சீமையான சேது நாட்டில் கொடை புதிதல்ல. ராமேசுவரம் போகும் வழிப்போக்கர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று தமிழ்நாடே சொல்லும் வள்ளல் நமது கீழக்கரைக்காரர். செத்தும் கொடுத்தவரின் மண்ணில் பிறந்த நாம், இருந்தும் கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கு இடம் வைக்கலாமா என்று குழுவின் மூத்தவர்கள் கேட்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு இன்னொரு மருத்துவமனை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பெரிய சிகிச்சைக்கு அங்கேதான் போகப்போகிறோம். ஆனால் பிரசவ வலியோ நெஞ்சு வலியோ கண்டவர்களை, குறிப்பாகப் பெண்களை, நம் வீடுகள் கடைசி நேரத்தில்தான் வண்டியில் ஏற்றுகின்றன. தூரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. உன் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்லும் கட்டடத்துக்குள் நுழைய நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. குழு உறுப்பினர் ஒருவரின் தாயாரை வெளியூர் மருத்துவமனை ஒன்றில் வடக்கே தலைவைத்துப் படுக்கச் சொன்னபோது, அவர் விடியவிடிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கட்டிலைத் திருப்பிப் போடச் சுவரில் ஆக்சிஜன் குழாய் இடம் கொடுக்கவில்லை.

அதனால்தான் வரைபடம் போடும் முன்பே மூன்று சமயத்துப் பெரியவர்களையும் மருத்துவர்களையும் பொறியாளரையும் ஒரே பாயில் உட்காரவைத்தோம். 'உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு' என்பது நம் பாட்டிமார் வாக்கு. இஸ்லாமியர்கள் இறந்தவரின் உடலை வடக்கே தலைவைத்து, தொழுகைத் திசையான கிப்லாவை (நமக்கு மேற்கு) நோக்கி முகம் திருப்பி அடக்கம் செய்கிறார்கள். உயிரோடிருக்கும்போது மேற்கே கால் நீட்டத் தயங்குகிறார்கள். ஆகவே கட்டில்கள் அனைத்தும் தெற்கே தலைவைக்கும்படி அமைகின்றன. யாருக்கும் மனக்குறை இல்லை, ஒரு செங்கல் கூடுதல் செலவும் இல்லை. கழிப்பறைப் பீங்கான்கள் கிப்லாவை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ அமையாமல் வடக்குத் தெற்காகப் பதிக்கப்படுகின்றன.

பிரசவ அறையில் தாயோ மாமியாரோ உடனிருக்க இடமுண்டு. ஜாதகம் கணிப்போருக்காகப் பிறந்த நிமிடம் குறித்துத் தரப்படும். குழந்தையின் காதில் பாங்கு சொல்லத் தகப்பனாருக்கு அடுத்த அறை திறந்திருக்கும். சமையற்கட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு அவித்துக் கொடுக்கத் தனி அடுப்பு வைத்திருக்கிறோம் (மருத்துவர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை). இறந்தவர்களைக் குளிப்பாட்டும் அறைக்கு, கர்ப்பிணிகள் கண்ணில் படாதபடி தனி வாசல் உண்டு. பிரார்த்தனையால் குணம் தேடி மனநோயாளிகளை அழைத்துவரும் தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்கவில்லை. மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) ஒன்றையொன்று தடுப்பதில்லை என்ற எண்ணத்தில், மனநல மருத்துவருக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம்.

திண்ணைக்கு 14 லட்சமா என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒரு நோயாளியோடு ஆறு பேர் வருவார்கள். அதை எந்தப் பலகை எழுதி வைத்தும் நிறுத்த முடியாது. அவர்களுக்குக் கூரையும் குழாயும் கழிப்பறையும் கொண்ட திண்ணை வெளியே இருந்தால், உள்ளே வார்டில் கூட்டமும் தொற்றும் குறையும்.

இனி கணக்கு. மொத்த மதிப்பீடு 3 கோடியே 40 லட்சம் ரூபாய். வந்தது 2 கோடியே 52 லட்சம். குறைவது 88 லட்சம். இதில் மேல்தளத்துக்கு உடனடியாக வேண்டியது 31 லட்சம்: கம்பிக்கு 11, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்டுக்கு 13, கூலிக்கும் சென்ட்ரிங்குக்கும் 7. மீதி 57 லட்சத்தில் பிரசவப் பகுதிக்கு 22, திண்ணைக்கு 14, சமையற்கட்டுக்கு 9, குளிப்பாட்டும் அறைக்கு 6, மழைநீர்த் தொட்டிக்கு 6. நிலத்தடி நீர் உப்பு என்பதால் கடைசியாகச் சொன்னதைக் குறைக்க வழியில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. தங்கள் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டாம் என்ற நிபந்தனையோடு இரண்டு ஏக்கர் நிலம் எழுதித் தந்த குடும்பத்தார், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாள் பிடித்த மீனில் படகுக்கு ஒரு பங்கை மகமையாக (ஊர்ப் பொதுக் கொடையாக) கொடுத்த மீனவர்கள், பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு கடல்பாசி எடுத்துச் சேர்த்த காசிலிருந்து 1 லட்சத்தைப் பத்து ரூபாய்த் தாள்களாகவே கொண்டுவந்து வைத்த தாய்மார்கள், அஸ்திவாரத்துக்கு ஒரு வாரம் கூலி வாங்காமல் உழைத்த கொத்தனார்கள், நோன்புப் பெருநாள் செலவைச் சுருக்கி அனுப்பிய வளைகுடாப் பிள்ளைகள் என எல்லோரும் எங்கள் பிரார்த்தனையில் இருக்கிறார்கள்.

மேடையில் தொகை அறிவித்துக் கைதட்டலும் வாங்கியவர்களிடமிருந்து மட்டும் இன்னும் 19 லட்சம் வரவேண்டியிருக்கிறது. பெயர்களை வாசிப்பது குழுவின் வழக்கமல்ல. பெயர்கள் நோட்டில் இருக்கின்றன. பாசி எடுக்கும் தாய்மார்கள் அந்த நோட்டைக் கேட்டால் மறைக்க எங்களுக்கு மனமில்லை.

ஏழைகளுக்குரிய கட்டாய தர்மமான ஜகாத் தொகையைக் கட்டடத்தில் சேர்க்க மாட்டோம். ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கெனத் தனிக் கணக்கில் வைப்போம். கட்டடத்துக்கு ஸதக்கா (விருப்ப தர்மம்), காணிக்கை, மகமை எந்தப் பெயரிலும் தரலாம். சிமெண்ட் மூட்டையாகவோ கம்பியாகவோ தருவோர், கடல் மணலும் பழைய கம்பியும் ஏற்கப்படாது என்பதைக் கவனிக்கவும். ஜமாஅத் அலுவலகத்திலும் கோயில் அலுவலகத்திலும் பங்குத்தந்தை இல்லத்திலும் ரசீதுப் புத்தகங்கள் உள்ளன. மூன்றும் ஒரே வரிசை எண்ணில் அச்சிடப்பட்டவை. எண் இல்லாத தாளுக்குப் பணம் தர வேண்டாம். செப்டம்பர் 25க்குள் வரும் தொகையை வைத்துத்தான் கம்பிக்கு முன்பணம் கட்டுவோம்.

இங்ஙனம்,
கட்டடக் குழுவினர்