பார்க்கிற ஆளுக்கும் கூலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாதாளச் சாக்கடைப் பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளி பலி, பொக்லைன் இடித்து ஹெல்பர் பலி என்று செய்தி வந்தால் நான் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். டிரைவர் மீது வழக்குப் பதிந்து போலீஸார் விசாரிக்கிறார்கள் என்று இருக்கும். அதோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். 27 வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்தவன் நான். அதற்கு மேலும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

2009, சித்திரை மாதம். ஒரு நகராட்சியில் குழாய் பதிக்கும் வேலை. செயின் மேல் ஓடும் 20 டன் பொக்லைன் வண்டி. எனக்கு வலது கைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டுச் சுவர். பள்ளத்தில் அள்ளிய மண்ணை இடது பக்கம் திரும்பிக் கொட்ட வேண்டும். மூன்று மணி வெயில். அந்தத் தெருவில் ஒரு மரம் கிடையாது. எங்கள் வேலையில் நிழல் என்றால் பெரும்பாலும் வண்டியின் நிழல்தான். தருமபுரிப் பக்கத்துப் பையன், 19 வயது, எனக்கு ஹெல்பர். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த நிழலில் போய் நின்றிருக்கிறான். நான் பக்கெட் நிறைய மண்ணோடு இடது பக்கம் திரும்பினேன். முன்பக்கம் இடது போனால், வண்டி கவிழாமல் இருக்கப் பின்னால் வைத்திருக்கும் இரும்பு வெயிட் வலது பக்கம் போகும். எஞ்சின் சத்தத்தில் அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. எதிரே நின்ற மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்து ஆட்டியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

பிழைத்துக்கொண்டான். இடுப்பு எலும்பு நொறுங்கி எட்டு மாதம் படுக்கை. இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான். வருடம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். "உங்க மேல தப்பில்லண்ணா" என்பான். எனக்கு மனம் ஆறாது.

ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொக்லைனில் கேபின் இடது பக்கம் இருக்கிறது. பக்கெட்டைத் தாங்கும் நீளமான கையான பூமைத் தூக்கினால் வலது பக்கம் பாதி மறைந்துவிடும். வலது பின்பக்கம் எஞ்சின் மூடி மறைக்கும். நேர் பின்னால் வெயிட். எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் அங்கே நிற்கிற ஆள் கண்ணில் படமாட்டான். கண்ணாடி வைத்திருப்பார்கள். என் வண்டியில் அது உடைந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சட்டம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-ல் சட்டம் வந்தது, 1998-ல் மத்திய அரசின் விதிகள் வந்தன. மண் அள்ளும் வண்டிகளை வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும், பின்னால் வரும்போது ஒலி எழுப்பும் அலாரம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பள்ளத்துக்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி இருக்கிறது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். நான் பார்த்த தெருக்களில் மண் விளிம்பிலேயே குவிந்திருக்கும், உள்ளே ஆள் குனிந்து பைப் பொருத்திக்கொண்டிருப்பார். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் வரும் என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த 1996 சட்டம் பத்துத் தொழிலாளர் இருக்கும் நிறுவனத்திலிருந்துதான் தொடங்கியது. பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றால் 500 பேர் இருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு கட்டுமானத்துக்கு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் பத்து என்ற கணக்கு அதிலும் அப்படியே நிற்கிறது. மேம்பாலம், மெட்ரோ வேலைகளில் ஹெல்மெட், பச்சை ஜாக்கெட், விசில் எல்லாம் பார்க்கலாம். எங்கள் தெரு வேலையில் ஒரு வண்டி, ஒரு மேஸ்திரி, ஐந்தாறு ஆட்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு இடத்துக்கு அதிகாரி ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

அப்புறம் மணிக் கணக்கு. வண்டி டிரைவரோடு சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வருகிறது. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் நிறுத்தினால் கான்ட்ராக்டர் கேட்பார், சாயங்காலம் ஓனரும் கேட்பார். சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் இருக்கிற டிரைவர் எத்தனை முறை இறங்கி வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பான்? எனக்கு அந்தத் தைரியம் விபத்துக்குப் பிறகுதான் வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். வண்டி வேலை செய்யும் இடத்தில் பார்க்கிறதுக்கென்றே ஓர் ஆள் வேண்டும். ஹெல்பரையே அதற்கும் சேர்த்து நிறுத்தக் கூடாது. கிரீஸ் அடிக்கவும் டீசல் தூக்கவும் அனுப்பிவிடுவார்கள். அவர் டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். வண்டி திரும்பும் வட்டத்துக்குள் யார் வந்தாலும் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் டிரைவர் பக்கெட்டைத் தரையில் வைத்து, வண்டி அசையாமல் பூட்டும் லாக் லிவரை இழுத்துவிட வேண்டும். ஆள் இல்லையா, வண்டியும் ஓடக் கூடாது. இவருடைய கூலி நகராட்சி, பேரூராட்சி எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கைக்காசில் போடுவார் என்று விட்டால் நடக்காது. தொழிலாளர் நலனுக்கென்று கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலிக்கிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அடிபட்ட பிறகு உதவி செய்ய ஒரு வழி வைத்திருக்கிறோம், அடிபடாமல் பார்க்க ஒரு கூலி வைக்க முடியாதா?

அன்றைக்கு அந்தத் தெருவில் அப்படி ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் 200 ரூபாய் ஆகியிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஊருக்கு ஊர் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் விடுகிற டெண்டர்களிலாவது நகராட்சி நிர்வாகத் துறை இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொக்லைன் ஓட்டுநர்,
திருச்செங்கோடு.